டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி: பிரசவ உதவிப் பணத்துக்குப் பின்னால் ஒரு வாழ்க்கை

நம் தர்மபுரி மாவட்டத்தில் வாயும் வயிறுமாக ஒரு பெண் இருக்கிற வீட்டில் முத்துலட்சுமி பணம் என்ற பேச்சு அடிபடாமல் இருக்காது. முதல் தவணை ஏறிடுச்சா, பேங்க் புத்தகத்துல பேர் சரியா இருக்கா, நர்ஸம்மா பதிஞ்சுட்டாங்களா என்று பாலக்கோட்டிலும் பென்னாகரத்திலும் அரூரிலும் தினம் பேசப்படுகிற பெயர் அது. ஆனால் அந்த முத்துலட்சுமி யார் என்று கேட்டுப் பாருங்கள். யாரோ பெரிய ஆபீசர் என்பார்கள், பழைய மந்திரி என்பார்கள். எங்கள் தெருவில் ஒரு பாட்டி, அந்தம்மா உயிரோடு இருப்பதாகவே நினைத்து, மகராசி நல்லா இருக்கட்டும் என்று வாழ்த்துகிறார். அந்த அம்மையார் காலமாகி அரை நூற்றாண்டுக்கு மேலாகிவிட்டது. மலருக்கு ஒரு தலைவரின் வாழ்க்கை வரலாறு எழுதித் தரும்படி சங்கத்தார் கேட்டபோது, பெயர் எல்லாருக்கும் தெரிந்தும் ஆளைத் தெரியாத இவரைப் பற்றியே எழுதுவது என்று முடிவு செய்தேன்.

டாக்டர் முத்துலட்சுமி 1886ஆம் ஆண்டு ஜூலை 30ஆம் நாள் புதுக்கோட்டையில் பிறந்தார். புதுக்கோட்டை அப்போது தனி சமஸ்தானம். தந்தை நாராயணசாமி ஐயர் மகாராஜா கல்லூரியின் முதல்வராக இருந்தவர். தாய் சந்திரம்மாள் தேவதாசி மரபில் வந்த குடும்பத்தைச் சேர்ந்தவர். கோயிலுக்குப் பொட்டுக் கட்டி விடப்பட்ட பெண்களின் குலம் அது. இந்தத் திருமணத்தைத் தந்தை வழி உறவினர்கள் ஏற்கவில்லை. தாய் வழியில் என்ன நடக்கிறது என்பதைச் சின்ன வயசிலேயே அந்தப் பெண் பார்த்துக்கொண்டுதான் வளர்ந்தார். இதை இங்கே ஏன் சொல்கிறேன் என்றால், பின்னாளில் அவர் சட்டசபையில் எழுந்து நின்று பேசியது ஏட்டில் படித்த சங்கதி இல்லை.

வயதுக்கு வந்த பெண்ணைப் பள்ளிக்கூடத்திற்கு அனுப்பும் வழக்கம் அக்காலத்தில் இல்லை. முத்துலட்சுமியின் பள்ளியும் அப்படித்தான் நின்றது. ஆனால் படிப்பு நிற்கவில்லை. வீட்டிலேயே பாடம் நடந்தது. 1902இல் மெட்ரிகுலேஷன் தேறினார். அடுத்தது கல்லூரி. ஊரில் இருந்ததோ ஆண்கள் மட்டும் படித்த ஒரே கல்லூரி. அங்கே ஒரு பெண்ணைச் சேர்த்தால் எங்கள் பிள்ளைகளை நிறுத்திவிடுவோம் என்று பெற்றோர் கிளம்பினார்கள். அவருடைய பிறப்பையும் சேர்த்துச் சொல்லி எதிர்த்தவர்கள் உண்டு. கடைசியில் புதுக்கோட்டை மன்னர் தலையிட்டு இடம் கொடுத்தார். இந்தக் காலத்தில் மெக்கானிக்கல் வகுப்பில் நாங்கள் நான்கு பெண்கள் உட்காருவதையே திரும்பித் திரும்பிப் பார்க்கிறார்கள். 120 வருடத்திற்கு முன்னால் அந்த வகுப்பில் அவர் ஒருத்திதான்!

1907இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து, பரிசுகளும் பதக்கங்களும் வாங்கி, 1912இல் டாக்டராக வெளியே வந்தார். சென்னை அரசு மகப்பேறு மருத்துவமனையில் ஹவுஸ் சர்ஜனாகப் பணியாற்றிய முதல் பெண் அவரே. 1914இல் டாக்டர் சுந்தர ரெட்டியை மணந்தார். தன்னைச் சமமாக நடத்த வேண்டும், தன் விருப்பங்களுக்குக் குறுக்கே நிற்கக் கூடாது என்று முன்கூட்டியே பேசிக்கொண்டு செய்த கல்யாணம் அது. சுந்தர ரெட்டியும் சொன்ன சொல் தவறவில்லை. இரண்டு ஆண் குழந்தைகள் பிறந்தார்கள்.

அந்தக் காலத்துப் பிரசவங்கள் எப்படி இருந்தன என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. நம் பாட்டிமார்களைக் கேட்டாலே போதும். என் பாட்டிக்குப் பிரசவம் ஆறு, ஆறும் வீட்டில். நிலைத்தது நான்கு. போன இரண்டைப் பற்றி அவர் அழுது நான் பார்த்ததில்லை. மழை பெய்யாத வருஷத்தைச் சொல்வது போலத்தான் சொல்வார். முத்துலட்சுமி அம்மையார் டாக்டராகத் தொழில் செய்த ஆண்டுகளில் இதையேதான் பார்த்தார். 13, 14 வயசில் கல்யாணமாகி, உடம்பு முழுசாக வளருமுன்னே பிள்ளை பெற வந்த சிறுமிகளைப் பார்த்தார். ஆஸ்பத்திரிக்கு வரும்போதே பாதி உயிர் போயிருக்கும். மருந்து கொடுக்கலாம், கத்தி வைக்கலாம், ஒருவரைக் காப்பாற்றலாம். அடுத்த வாரம் அதே வயசில் இன்னொரு பெண் வருவாள். இந்த நோய்க்கு மருந்து ஆஸ்பத்திரியில் இல்லை, சட்டம் செய்கிற இடத்தில் இருக்கிறது என்று அவர் கண்டுகொண்டதுதான் அவர் வாழ்க்கையின் திருப்பம் என்று நான் நினைக்கிறேன்.

1925இல் பெண்கள், குழந்தைகள் நோய் பற்றிய மேல்படிப்புக்காக இங்கிலாந்து போனார். 1926இல் பாரிஸ் நகரில் நடந்த உலகப் பெண்கள் மாநாட்டில் இந்தியாவின் சார்பில் கலந்துகொண்டார். ஊர் திரும்பியதும், அடையாறில் இயங்கிய இந்திய மாதர் சங்கத்தின் முயற்சியால், சென்னை சட்டசபைக்கு உறுப்பினராக நியமிக்கப்பட்டார். பிரிட்டிஷ் இந்தியாவின் முதல் பெண் சட்டசபை உறுப்பினர் அவரே. 1927இல் ஒருமனதாகத் துணைத் தலைவராகவும் தேர்ந்தெடுத்தார்கள். நோயாளிகளை விட்டுப் போக மனமில்லாமல் முதலில் தயங்கினார் என்று தெரிகிறது. நல்லவேளை, போனார்.

சபையில் அவர் கேட்டவற்றைப் பாருங்கள். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் தனி மருத்துவமனை வேண்டும். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு மருத்துவப் பரிசோதனை வேண்டும். நம் பள்ளியில் வருஷத்திற்கு ஒரு தடவை டாக்டர் வந்து பல், கண், எடை பார்த்தாரே, அதையெல்லாம் கேட்டுத்தான் வாங்க வேண்டியிருந்தது. 1928இல் பெண்ணின் திருமண வயதைக் குறைந்தது 16 ஆகவும் ஆணின் வயதை 21 ஆகவும் உயர்த்தச் சட்டம் செய்யும்படி ஒரு தீர்மானம் கொண்டுவந்து நிறைவேற்றினார். மறு வருடம் டில்லியில் சாரதா சட்டம் வந்தபோது பெண்ணுக்கு 14, ஆணுக்கு 18 என்றுதான் வைத்தார்கள். அவர் கேட்டதைவிடக் குறைவு. பெண்ணுக்கு 18 வயது என்று ஆவதற்கு 1978 வரை காத்திருக்க வேண்டி வந்தது. அப்போது அவர் இல்லை.

பொட்டுக் கட்டும் வழக்கத்தை ஒழிக்க அவர் நடத்திய போராட்டம்தான் எல்லாப் பாடப் புத்தகங்களிலும் வருகிறது. ஆனால் அதில் எனக்குப் பெரிதாகப் பட்ட ஒரு விஷயம் புத்தகங்களில் ஒரு வரிதான் வருகிறது. கோயில் பணி செய்யும் தேவதாசிக் குடும்பங்களுக்கு இனாம் நிலம் உண்டு. வீட்டில் ஒரு பெண் கோயிலுக்குப் பணி செய்தால்தான் அந்த நிலம் நிற்கும். அதனால் நிலம் போகாமல் இருக்க அடுத்த தலைமுறையில் ஒரு மகளைப் பொட்டுக் கட்டி விடுவார்கள். மகள் மேல் பாசம் இல்லாததால் செய்ததல்ல. சோற்றுக்கு வேறு வழி இல்லாமல் செய்தது. 1929இல் இந்து அறநிலையச் சட்டத்தில் அம்மையார் கொண்டுவந்த திருத்தம் இந்த முடிச்சைத்தான் அவிழ்த்தது. இனிமேல் பணி செய்ய வேண்டியதில்லை, நிலம் அந்தப் பெண்ணுக்கே சொந்தம் என்று ஆக்கியது. முதலில் வயிற்றுக்கு வழி, பிறகு தடை! அடுத்ததாக, பொட்டுக் கட்டுவதையே குற்றமாக்கும் மசோதாவை 1930இல் கொண்டுவந்தார். எதிர்த்தவர்களில் பேர் பெற்ற தேசியத் தலைவர்களும் இருந்தார்கள். தேவதாசிப் பெண்களிலேயே ஒரு பகுதியினர், எங்கள் கலையும் மரியாதையும் போய்விடும் என்று மனுக் கொடுத்தார்கள். அவர்கள் பயந்ததும் பொய்யில்லை. ஆட்டத்தையும் பாட்டையும் அவர்களிடமிருந்து மற்றவர்கள் எடுத்துக்கொண்டு மேடை ஏறினார்கள். இதைச் சொல்லாமல் விட்டால் வரலாறு முழுமை ஆகாது. என்றாலும் விவரம் தெரியாத வயசில் ஒரு சிறுமியின் வாழ்க்கையைப் பெரியவர்கள் முடிவு செய்துவிடுவது சரியா என்ற கேள்விக்கு அம்மையார் பக்கம்தான் பதில் இருக்கிறது என்பது என் எண்ணம். அந்தச் சட்டம் முழுமையாக நிறைவேறியது 1947இல், ஓமந்தூரார் முதல்வராக இருந்தபோது.

இதே போராட்டத்தில் நின்ற இன்னொருவர் மூவலூர் ராமாமிர்தம் அம்மையார். அவரும் அந்த மரபிலிருந்து வந்தவர். 1989இல் ஏழைப் பெண்களின் திருமண உதவித் திட்டத்திற்கு அவர் பெயரை வைத்தார்கள். எட்டாவது வரை படித்திருந்தால் 5000 ரூபாய் என்று அத்திட்டம் தொடங்கியது. 2022இல் அது புதுமைப் பெண் திட்டமாக மாறி, அரசுப் பள்ளியில் படித்து மேல்படிப்புக்கு வந்த பெண்களுக்கு மாதம் 1000 ரூபாய் என்றானது. நம் கல்லூரியில் என்னைப் போலப் பலர் அதை வாங்குகிறோம். பஸ் பாஸ் போக டிராயிங் ஷீட்டுக்கும் ரெக்கார்டு நோட்டுக்கும் அதுதான். ஆக, அக்கா வாங்குகிற பணத்தில் ஒரு பெயர், தங்கை வாங்குகிற பணத்தில் ஒரு பெயர். இரண்டு பேரும் ஒரே அநீதியை எதிர்த்து நின்றவர்கள் என்று எங்கள் யாருக்கும் தெரியாது.

இப்போது முத்துலட்சுமி பணத்திற்கு வருகிறேன். 1980களின் கடைசியில் சில நூறு ரூபாயாகத் தொடங்கிய உதவி இது. 2006இல் 6000 ஆனது. 2011இல் 12,000 ஆனது. 2018இல் 18,000 ஆக உயர்ந்தது. அதில் 14,000 ரொக்கம், மீதி 4000க்கு இரண்டு ஊட்டச்சத்துப் பெட்டகம். பெட்டகத்தில் சத்து மாவு, இரும்புச் சத்து டானிக், பேரீச்சம்பழம், ஆவின் நெய் எல்லாம் இருக்கும். (நெய் மாமியாருக்கும் சத்து மாவு வீட்டுப் பிள்ளைகளுக்கும் போவது தனிக் கதை!) பணம் மொத்தமாக வராது, தவணையாகத்தான் வரும். ஏன் என்று பலரும் சலித்துக்கொள்கிறார்கள். அதில்தான் சூட்சுமம் இருக்கிறது. மூன்று மாதத்திற்குள் கர்ப்பத்தைப் பதிய வேண்டும், பரிசோதனைக்கு வர வேண்டும், அரசு மருத்துவமனையில் பிரசவம் ஆக வேண்டும், குழந்தைக்குத் தடுப்பூசி போட வேண்டும். ஒவ்வொரு படியிலும் தாய் நர்ஸம்மாவின் கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கிறாள். ரத்தம் குறைவு என்றாலோ கால் வீக்கம் என்றாலோ முன்கூட்டியே தெரிந்துவிடும். சித்தேரி மலையிலிருந்து இறங்கி வர வேண்டிய பெண்ணுக்கு அந்த முன்கூட்டி என்கிற ஒரு வார்த்தைதான் உயிர்.

இத்திட்டத்தில் ஒரு நிபந்தனை உண்டு. தாய்க்கு 19 வயது முடிந்திருக்க வேண்டும். அம்மையார் பெயரில் உள்ள திட்டத்திற்கு இதைவிடப் பொருத்தமான நிபந்தனை இருக்க முடியாது. ஆனால் இது நம் மாவட்டத்தில்தான் ரொம்பவும் இடிக்கிறது. குழந்தைத் திருமணம் என்றாலே தமிழ்நாட்டில் முதலில் பேசப்படும் பெயர்களில் தர்மபுரி ஒன்று. என்னோடு பத்தாவது படித்த ஒரு பெண்ணுக்கு 17 வயசில் தாய்மாமனோடு கல்யாணம் ஆனது. கணக்கில் என்னைவிட அதிக மார்க் வாங்குவாள். இப்போது கைக்குழந்தையோடு இருக்கிறாள். அவளுக்குப் பணம் கிடையாது. போலீஸ் கேஸ் ஆகிவிடுமோ என்ற பயத்தில் வீட்டார் ஆறு மாதம் வரை அவளை ஆஸ்பத்திரிக்கே கூட்டிப் போகவில்லை. எந்தத் தாய்க்குப் பரிசோதனை மிக அவசியமோ அந்தத் தாய்தான் ஒளிந்துகொள்கிறாள். நிபந்தனையை எடுத்துவிடலாமா என்றால், அதுவும் கூடாது. எடுத்தால் இதுவும் சரிதான் என்று அரசாங்கமே சொன்ன மாதிரி ஆகிவிடும். ஆனால் அவள் வயிற்றில் இருந்த பிள்ளை என்ன தப்பு செய்தது? பணம் வேண்டாம், அந்தச் சத்துப் பெட்டகத்தையாவது வயசு பார்க்காமல் கொடுக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. 1929இல் நிலத்தைக் கையில் கொடுத்து, பிறகு தடை கேட்டவரின் பெயரில் உள்ள திட்டம்தானே இது.

2014 நவம்பரில் தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் சில நாட்களுக்குள் பத்துக்கும் மேற்பட்ட பச்சிளங்குழந்தைகள் இறந்தது நாடு முழுக்கச் செய்தியானது. பல குழந்தைகள் எடை மிகக் குறைவாகப் பிறந்தவை என்றும், தாய்மாரின் இளம் வயதும் சத்துக் குறைவும் காரணம் என்றும் அப்போது சொல்லப்பட்டது. எனக்கு அன்றைக்கு விவரம் தெரியாத வயது. இந்தக் கட்டுரைக்காகத்தான் அதைப் படித்தேன். படித்துவிட்டு அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை.

பெண் குழந்தை விஷயத்திலும் நம் மாவட்டத்தின் பெயர் கெட்டுத்தான் இருந்தது. 1992இல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டத்தை 2001இல் தர்மபுரிக்கும் கொண்டுவந்தார்கள் என்றால் காரணம் எல்லாருக்கும் தெரியும். 2001 கணக்கெடுப்பில் ஆறு வயதிற்குட்பட்ட 1000 ஆண் குழந்தைகளுக்கு 826 பெண் குழந்தைகள்தான் இங்கே இருந்தார்கள். 2011இல் 913 ஆனது. கூடியிருக்கிறது, மறுப்பதற்கில்லை. ஆனால் ஸ்கேன் வைத்து ஆணா பெண்ணா என்று சொன்ன கும்பல்கள் அதற்குப் பிறகும் இந்த மாவட்டத்தில் பிடிபட்டிருக்கின்றன.

மீண்டும் அம்மையாரிடம் வருவோம். 1930இல் உப்புச் சத்தியாக்கிரகத்தில் காந்தியடிகள் கைதானார். அதைக் கண்டித்து அம்மையார் சட்டசபைப் பதவியைத் துறந்தார். பதவி போனதும் வேலை கூடியது. பொட்டுக் கட்டுவதிலிருந்து தப்பி வந்த சில இளம்பெண்கள் அவர் வீட்டுக் கதவைத் தட்டினார்கள். இருந்த விடுதிகளில் அவர்களுக்கு இடமில்லை. எந்த ஜாதி, யார் பெற்ற பிள்ளை என்று கேட்டார்கள். கேட்காமல் சேர்த்துக்கொண்டது அம்மையார் வீடு. அதுதான் அவ்வை இல்லமாக வளர்ந்து, அடையாறில் பள்ளிக்கூடமும் சேர்ந்து, ஆதரவற்ற பெண் பிள்ளைகளுக்கு வீடாகிவிட்டது. அவ்வையின் பெயரைக் கேட்டால் நம் மாவட்டத்தாருக்கு ஒரு உரிமை உண்டு. நெல்லிக்கனி கொடுத்த அதியமான் நம்ம தகடூர்க்காரர் அல்லவா!

சுதந்திரத்திற்குப் பிறகு 1954இல் மாநிலச் சமூக நல வாரியத்தின் முதல் தலைவரானார். கிராமங்களில் பால்வாடி, தாய் சேய் நலம், பெண்களுக்குக் கைத்தொழில் என்று இந்தியா முழுக்க இந்த வாரியங்கள் வழியே வேலை நடந்தது. அங்கன்வாடி என்ற பெயரோடு 1975இல் திட்டம் வருவதற்கு வெகு காலம் முன்பே போட்ட விதை இது. 1956இல் பத்மபூஷண் கிடைத்தது.

இவ்வளவுக்கும் நடுவில் அவர் மனதில் ஒரு முள் இருந்தது. அவருடைய தங்கை சின்ன வயசிலேயே புற்றுநோயால் இறந்துபோனார். டாக்டராக இருந்தும் கூடப் பிறந்தவளைக் காப்பாற்ற முடியவில்லை. 1935இலிருந்து புற்றுநோய்க்குத் தனி மருத்துவமனை வேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருந்தார். குணமாகாத நோய்க்கு எதற்கு ஆஸ்பத்திரி என்று நினைத்த காலம் அது. அரசாங்கம் அசையாதபோது மாதர் சங்கம் மூலம் நிதி திரட்டினார். மருத்துவம் படித்த மகன் கிருஷ்ணமூர்த்தியை இதே வேலையில் இறக்கினார். 1952இல் நேரு அடிக்கல் நாட்டினார். 1954 ஜூன் 18 அன்று அடையாறு புற்றுநோய் மருத்துவமனை திறக்கப்பட்டது. மொத்தம் 12 படுக்கை. அப்போது அவருக்கு 67 வயது. டாக்டர் சாந்தா அங்கே வந்து சேர்ந்து, 2021இல் மறையும் வரை அந்த வேலையைத் தூக்கிச் சுமந்தார். நம் ஊர்ப் பக்கத்திலிருந்து ராத்திரி பஸ் ஏறி, விடியற்காலையில் அடையாறு போய் டோக்கன் வாங்கக் காத்திருக்கிறவர்கள் எத்தனையோ பேர்.

கடைசி வரை அவ்வை இல்லத்துப் பிள்ளைகளையும் மருத்துவமனையையும் கவனித்துக்கொண்டிருந்த அம்மையார் 1968 ஜூலை 22ஆம் நாள் காலமானார். 82ஆவது பிறந்த நாளுக்கு இன்னும் எட்டு நாள் இருந்தது. அந்தப் பிறந்த நாளை மருத்துவமனை தினமாகக் கொண்டாடும்படி 2019இல் தமிழ்நாடு அரசு அறிவித்தது.